படகு வயர்லெஸும் வீட்டு வைஃபையும்

விடியக்காலை நாலு மணிக்குப் பாம்பன் கரையில் போய் நின்று பாருங்கள். இருட்டு கலைந்திருக்காது. படகுகளில் சின்ன விளக்குகள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அலைச் சத்தத்துக்கு மேலே காதில் விழுவது வயர்லெஸ் சத்தம்தான். "எங்கிட்டு நிக்கிற?" என்று ஒரு குரல். பிறகு 'கர்ர்' என்று ஓர் இரைச்சல். "வடக்க ஒண்ணும் படல, தெக்க பாக்குறேன், ஓவர்" என்று இன்னொரு குரல். என் சித்தப்பா அந்தப் பெட்டியைக் கையாளுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஒரு நொடி காது கொடுத்துக் கேட்பார். யாரும் பேசவில்லை என்று தெரிந்த பிறகுதான் அழுத்துவார். சொல்ல வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு விரலை எடுத்துவிடுவார். இரண்டு படகுக்காரர்கள் ஒரே நேரத்தில் அழுத்திவிட்டால் இரண்டு பேச்சும் சேர்ந்து கூழாகிவிடும், யாருக்கும் ஒன்றும் விளங்காது என்பது அவருக்கு அனுபவம்.

நான் கடலுக்குப் போகவில்லை. உச்சிப்புளியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும், அந்தப் பக்கம் கீழக்கரை வரைக்கும், வீடுகளுக்கும் கடைகளுக்கும் வைஃபை போட்டுக் கொடுக்கிறேன். போகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "நூறு எம்.பி. பிளான் போட்டிருக்கோம், அப்புறம் ஏன் சுத்திக்கிட்டே நிக்குது?" சித்தப்பா காது கொடுத்துக் கேட்கிற அந்த ஒரு நொடியில் இதற்கான பதில் பாதிக்கு மேல் இருக்கிறது. காற்று எல்லோருக்கும் பொது. அதில் ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுக்க வேண்டும். கம்பி இல்லாத வலையமைப்பு என்பதைப் புரிந்துகொள்ள இந்த இடத்திலிருந்து தொடங்குவதுதான் நல்லது.

கம்பி எதுவரை வருகிறது

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடலாம். வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. வளைகுடாவில் இருக்கும் ஒருவர் கீழக்கரையில் இருக்கும் தன் மகளோடு வீடியோவில் பேசுகிறார் என்றால், அந்தப் பேச்சு கிட்டத்தட்ட முழுத் தூரமும் கம்பியில்தான் வருகிறது. கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழைக் கேபிள் வழியாக இந்தியக் கரையேறி, தரைக்கடியில் போகும் இழைகள் வழியாக ஊருக்கு வந்து, மின்கம்பத்திலிருந்து தொங்கும் மெல்லிய கறுப்பு வயராக வீட்டுச் சுவரைத் துளைத்து உள்ளே நுழைகிறது. சுவரில் மாட்டிய வெள்ளை டப்பாவில் அந்த ஒளி மின்சாரத் துடிப்பாக மாறுகிறது. நாம் 'மோடம்' என்று சொல்லும் டப்பா அது. அந்தத் துடிப்பை ரேடியோ அலையாக்கிக் காற்றில் விடும் ரவுட்டரும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். அங்கிருந்து மகளின் கையில் இருக்கும் போன் வரைக்குமான பத்து மீட்டர் மட்டும்தான் காற்று. அந்தப் பத்து மீட்டருக்குப் பெயர்தான் வைஃபை.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலைக் கடந்து ஒழுங்காக வந்த பேச்சு, கடைசிப் பத்து மீட்டரில் தடுமாறி நிற்பதைத்தான் நான் நிறைய வீடுகளில் பார்க்கிறேன். அப்போது உடனே பெரிய பிளானுக்கு மாற வேண்டாம். அந்தப் பத்து மீட்டரை முதலில் பார்க்க வேண்டும்.

காற்றில் போவது என்ன

போவது ரேடியோ அலை. வெளிச்சமும் அதே குடும்பம்தான். இரண்டும் ஒரே வேகத்தில், நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகின்றன. ஓர் அலை முகட்டிலிருந்து அடுத்த முகடு வரைக்கும் உள்ள தூரத்தை அலைநீளம் என்கிறோம். ஒரு நொடியில் எத்தனை அலை கடக்கிறது என்பது அதிர்வெண். படகு வயர்லெஸில் அவசர அழைப்புக்கு உள்ள 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதன் அலைநீளம் சுமார் 1.9 மீட்டர், ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். வீட்டு வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும்போது நொடிக்கு 240 கோடி அலைகள். அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூடுதல். 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் 6 சென்டிமீட்டர்.

ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் இந்த அலைகளை ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டியது 1887ஐ ஒட்டி. சில வருடங்களிலேயே, 1895இல், ஜெகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னால் கண்ணுக்குத் தெரியாத அலையைச் சுவரைத் தாண்டி அனுப்பி, அந்தப் பக்கம் ஒரு மணியை ஒலிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். அவர் கையாண்டவை மிகச் சிறிய அலைநீளம் கொண்ட அலைகள். இன்றைக்கு நம் வீட்டுச் சுவரைத் தாண்டிப் போகிற அலைக்கு அவை நெருங்கிய உறவு. அந்த மணியை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

சரி, அலையில் படமும் பேச்சும் எப்படி ஏறுகின்றன? கணினிக்குத் தெரிந்ததெல்லாம் 0, 1 இரண்டுதான். போட்டோவோ பாட்டோ எதுவாக இருந்தாலும் அந்த இரண்டாக உடைத்துத்தான் வைத்திருக்கும். ரவுட்டர் அலையின் உயரத்தையும், அலை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதையும் மாற்றி மாற்றி அந்த 0, 1களை ஏற்றுகிறது. சிக்னல் பலமாக இருந்தால் மிக நுணுக்கமான மாற்றங்களைக்கூடப் போன் பிரித்தறியும். வைஃபை 6 வகையில் ஒரே அசைவுக்கு 1024 வகை மாற்றம் வரைக்கும் உண்டு, அப்போது ஓர் அசைவில் 10 இலக்கம் போய்ச் சேரும். சிக்னல் மங்கினால் இந்த நுணுக்கம் எடுபடாது. இரண்டே வகை மாற்றத்துக்கு இறங்கி, ஓர் அசைவில் ஓர் இலக்கம் என்று மெதுவாக அனுப்ப வேண்டியதுதான். இரைச்சல் அதிகமான நாளில் சித்தப்பாவும் இதைத்தான் செய்வார். வழக்கமாகக் கடகடவென்று பேசுகிறவர், "ஐ...ஸு... இல்ல... ஐ...ஸு" என்று இழுத்து இழுத்துச் சொல்வார். இரண்டு கம்பு சிக்னல் இருந்தும் நெட் ஏன் மெதுவாக இருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். இணைப்பு அறுந்துபோகவில்லை. அலை இழுத்துப் பேசிக்கொண்டிருக்கிறது.

கீழக்கரை வீட்டில் ஒரு நாள்

கீழக்கரையில் ஒரு பழைய வீடு. தெருவில் தொடங்கி முற்றம், கூடம், அறைகள் என்று பின்தெரு வரைக்கும் நீண்டு போகிற வீடு. சுவர் ஒவ்வொன்றும் இரண்டு சாணுக்குக் குறையாத பருமன். "தம்பி, அவ வாப்பா முகம் பாதியிலயே நின்னு போவுது, புள்ள அழுவுறா" என்றார் அந்த வீட்டு லாத்தா. வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பாவோடு பேசுவதற்காக அந்தப் பெண்பிள்ளை தினமும் ராத்திரி பின் அறையில் உட்காருகிறாள். முன்கூடத்தில் பிடித்தால் நன்றாக வருகிறது. ஆனால் அங்கே விருந்தாளிகள் வந்து போவார்கள்.

ரவுட்டரைத் தேடினேன். தெருப்பக்கச் சுவரில் வயர் நுழைந்த இடத்திலேயே மாட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஓர் இரும்பு பீரோ. பீரோ கதவில் ஆளுயரக் கண்ணாடி. இரும்பு ரேடியோ அலையை ஊடுருவ விடாது, திருப்பி அனுப்பிவிடும். கண்ணாடியின் பின்னால் பூசியிருக்கும் உலோகப் பூச்சும் அப்படியேதான். அதைச் சுற்றிக் கசிந்து வரும் அலை மூன்று பருமனான சுவர்களைத் தாண்ட வேண்டும்.

போனில் ஒரு செயலியைத் திறந்து பின் அறையில் அளந்தேன். மைனஸ் 82 என்று காட்டியது. இந்த எண் டெசிபல் கணக்கு. பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு பலம். மைனஸ் 30 என்றால் ரவுட்டர் பக்கத்திலேயே நிற்கிறோம். மைனஸ் 67க்குள் இருந்தால் வீடியோ தடங்கலில்லாமல் ஓடும். மைனஸ் 80ஐத் தாண்டினால் தள்ளாட்டம்தான். இந்தக் கணக்கில் பத்து எண் கூடினால் பலம் பத்து மடங்கு, இருபது கூடினால் நூறு மடங்கு.

பீரோவை நகர்த்த லாத்தாவுக்கு மனம் இல்லை, அது கல்யாணச் சீர். அதனால் ரவுட்டரை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, லேன் வயர் ஒன்றை முற்றத்துக் கூரை ஓரமாக இழுத்து, நடுக்கூடத்தில் இன்னொரு சிறிய வைஃபை டப்பா வைத்தேன். பிறகு அதே பின் அறையில் அளந்தால் மைனஸ் 61. 21 எண் வித்தியாசம், நூறு மடங்குக்கும் மேலே. மாத பிளான் பழையதுதான், ஒரு ரூபாய் கூடவில்லை. அன்று ராத்திரி அந்தப் பிள்ளை போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வரைந்த படத்தை அப்பாவிடம் காட்டிக்கொண்டிருந்தாளாம். மறுநாள் லாத்தா போன் போட்டுச் சொன்னார்.

பலம் குறைவதற்குச் சுவர் மட்டும் காரணமில்லை. தூரம் இரண்டு மடங்கானால், தடை ஒன்றுமே இல்லாவிட்டாலும், வந்து சேரும் பலம் நாலில் ஒரு பங்காகிவிடும். ஒரே அளவு வெளிச்சம் பெரிய சுவரில் பரவினால் மங்கலாகத் தெரிகிறதே, அதே கணக்கு. வீட்டு ரவுட்டர் வெளியிடும் சக்தி பெரும்பாலும் 0.1 வாட் அளவுதான். அறையில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்போடு ஒப்பிட்டால் மிகச் சின்னது. படகில் பொருத்தும் கடல் வயர்லெஸ் பெட்டி 25 வாட் வரைக்கும் போகும். தண்ணீர் இந்த அலையை நன்றாகவே விழுங்கும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், ஆள் நிறைந்த கல்யாண மண்டபத்தில் சிக்னல் மங்கும். மீன்தொட்டிக்குப் பின்னால் ரவுட்டரை ஒளித்து வைத்தாலும் அதே கதை. உப்புத்தண்ணீர் இன்னும் மோசம், மின்சாரத்தைக் கடத்துவதால் அதற்குள் இந்த அலை கொஞ்ச தூரம்கூட இறங்காது.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கொஞ்சம் நன்றாகத் தாண்டும், தூரமும் போகும். ஆனால் அங்கே கூட்டம் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இடமும் தாராளம், சுவர் என்றால் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஒரே ரவுட்டர் இரண்டையும் வெளியிடுவதால்தான் போனில் ஒரே வீட்டுக்கு இரண்டு பெயர் தெரிகிறது. டி.வி. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே இருந்தால் அதை 5இல் சேருங்கள், வாசல் கேமராவை 2.4இல் சேருங்கள். ரவுட்டர் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 1200 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது 2.4இன் 300ஐயும் 5இன் 867ஐயும் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்டது. ஒரு போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும்.

முறை வைத்துப் பேசுவது

இப்போது சித்தப்பாவின் அந்த ஒரு நொடிக்கு வருவோம். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1971இல் ஹவாய்த் தீவுகளில் ஒரு சிக்கல் இருந்தது. பல்கலைக்கழகத்தின் கணினி ஒரு தீவில், அதைப் பயன்படுத்த வேண்டியவர்கள் வேறு வேறு தீவுகளில். நடுவில் கடல். நார்மன் ஆப்ராம்சனும் அவருடன் இருந்தவர்களும் அலோஹாநெட் என்ற வலையமைப்பை ரேடியோவில் அமைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. எவருக்குத் தகவல் இருக்கிறதோ அவர் அனுப்பிவிடலாம். கிடைத்தது என்று பதில் வராவிட்டால், இன்னொருவருடையதோடு மோதிவிட்டது என்று அர்த்தம். அப்போது கொஞ்ச நேரம், ஒவ்வொருவரும் வேறு வேறு அளவு காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். யோசனை எளிமையானது, ஆனால் வீணடிப்பு அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த அலைவரிசையின் கொள்ளளவில் 18 சதவீதத்துக்கு மேல் உருப்படியாகப் பயன்படுத்த முடியாது. மீதி நேரம் மோதலிலும் வெறுமையிலும் போய்விடும்.

வைஃபை ஒரு படி மேலே போய், முதலில் காது கொடுத்துக் கேட்கிறது. உங்கள் போனுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்றால் முதலில் அலைவரிசை அமைதியாக இருக்கிறதா என்று பார்க்கும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் பொறுக்கும். அவர் முடித்ததும் உடனே பாய்ந்துவிடாது. ஏனென்றால் காத்திருக்கும் எல்லோரும் அதே நொடியில் பாய்ந்தால் மறுபடி மோதல். அதனால் ஒவ்வொரு கருவியும் 0 முதல் 15க்குள் ஏதாவது ஓர் எண்ணைக் குலுக்கல் போல எடுத்துக்கொண்டு, அதிலிருந்து கீழே எண்ணிக்கொண்டே வரும். ஓர் எண்ணுக்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 9 பங்கு நேரம். யாருடைய எண் முதலில் பூஜ்யத்துக்கு வருகிறதோ அவர் பேசுவார். மற்றவர்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டு, அவர் முடித்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். செய்தி போய்ச் சேர்ந்தால் அந்தப் பக்கத்திலிருந்து உடனே 'வந்துவிட்டது' என்று ஒரு சிறு பதில் வரும். பதில் வராவிட்டால் அடுத்த முறை 31க்குள் ஓர் எண், அதற்கடுத்து 63க்குள். கூட்டம் கூடக் கூடப் பொறுமையும் கூட வேண்டும் என்று விதி செய்து வைத்திருக்கிறார்கள்.

மோதலைக் கண்டுபிடித்து உடனே நிறுத்தினால் போதாதா என்று தோன்றலாம். கம்பியில் அது முடியும். காற்றில், தான் பேசும்போது அதே அலைவரிசையில் இன்னொருவர் பேசுவது கேட்காது. நம் சொந்தச் சத்தம் காதை அடைத்துவிடும். பட்டனை அழுத்தியிருக்கும்போது சித்தப்பாவுக்கும் அடுத்த படகு கேட்பதில்லை. அதனால்தான் இந்த முன்ஜாக்கிரதை.

இதில் ஒரு பொல்லாத நிலைமை உண்டு. வடகடலில் ஒரு படகு, தென்கடலில் ஒரு படகு. நடுவில் தீவு. இரண்டும் ஒன்றையொன்று கேட்க முடியாத தூரம். ஆனால் பாம்பன் கரையில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா வைத்திருப்பவருக்கு இரண்டுமே கேட்கும். வடக்கே இருப்பவர் காது கொடுக்கிறார், அமைதியாக இருக்கிறது, பேசுகிறார். தெற்கே இருப்பவரும் அப்படியே. கரையில் இருப்பவருக்குக் கூழ். மாடியில் ஒரு போனும் கீழே பின்கட்டில் ஒரு லேப்டாப்பும் இருக்கும் வீட்டில் இதே கோளாறு நடக்கும். இதற்கு வழி, பேசுவதற்கு முன் ரவுட்டரிடம் சின்னதாக அனுமதி கேட்பது. 'நான் பேசலாமா' என்று ஒன்று கேட்கும். 'பேசு, மற்றவர்கள் இவ்வளவு நேரம் சும்மா இருங்கள்' என்று ரவுட்டர் சொல்லும். ரவுட்டரின் குரல் எல்லோருக்கும் கேட்பதால் காரியம் நடக்கும்.

முறை வைத்துப் பேசுவதால் இன்னொரு விளைவு உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. அலைவரிசையில் பங்கிடப்படுவது நேரம். ரவுட்டருக்கு அருகில் இருக்கும் டி.வி. 300 எம்.பி. வேகத்தில் பேசுகிறது. கொல்லைப்புறத்தில் ஒரு பழைய போன் 6 எம்.பி. வேகத்தில் இழுத்து இழுத்துப் பேசுகிறது. ஒரே அளவுப் பொட்டலத்தை அனுப்ப டி.வி.க்கு ஆகும் நேரத்தைப் போல ஐம்பது மடங்கு அந்தப் போனுக்கு ஆகும். அவ்வளவு நேரமும் வீட்டில் மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும். "பக்கத்துலதான் உக்காந்திருக்கேன், எனக்கு ஏன் நிக்குது?" என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் கொல்லைப்புறத்தில் இருக்கிறது.

பக்கத்து வீட்டு ரவுட்டரும் இந்தக் கணக்கில் சேர்த்தி. அது வேறு பெயர், வேறு பாஸ்வேர்ட். ஆனால் ஒரே சேனலில் இருந்தால் அதுவும் உங்கள் வரிசையில்தான் நிற்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் எண்கள் 1 முதல் 13 வரைக்கும் இருந்தாலும் அவை ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒன்றுக்கொன்று தொந்தரவு இல்லாமல் இருப்பவை 1, 6, 11 மூன்றுதான். ராமேஸ்வரத்தில் கோயில் ரதவீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் நின்று பார்த்தபோது முப்பதுக்கும் மேலே பெயர்கள் தெரிந்தன, பாதிக்கு மேல் சேனல் 6இல். அந்த இடத்தில் யார் எந்த பிளான் போட்டாலும் 2.4இல் மூச்சு விட முடியாது, 5க்குப் போவதுதான் வழி. இந்தியாவில் 2.4ஐ உரிமம் இல்லாமல் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது 2005இல். 5இல் விரிவாக இடம் திறந்தது 2018இல். உரிமம் வேண்டாம் என்பதால்தான் வீட்டுக்கு வீடு வைஃபை வந்தது. அதே காரணத்தால்தான் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4இல் வந்து இடிக்கின்றன. போன் கம்பெனிகள் ஏலத்தில் எடுத்து வைத்திருக்கும் அலைவரிசையில் யார் எப்போது பேசுவது என்பதை டவரே பங்கு போட்டுக் கொடுக்கும். வைஃபை 6இலிருந்து ரவுட்டரும் அப்படிப் பங்கு போட ஓரளவு கற்றுக்கொண்டிருக்கிறது.

கலங்கரை விளக்கம் போல

போன் வீட்டுக்குள் வந்ததும் வைஃபையைத் தானாகக் கண்டுபிடிப்பது எப்படி? ரவுட்டர் நொடிக்குச் சுமார் பத்து முறை தன் பெயரைக் காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இந்தச் செய்திக்குப் பெயரே பீக்கன், கடலில் வழிகாட்டும் விளக்குக்குச் சொல்லும் அதே சொல். பாம்பன் கலங்கரை விளக்கம் யார் பார்க்கிறார்கள் என்று தெரியாமலே விட்டு விட்டு மின்னுகிறதே, அப்படித்தான். போன் அந்தப் பெயரைக் கேட்டு, முன்பே பழகியது என்றால் சேர வரும்.

அப்போது பாஸ்வேர்டைப் பச்சையாகக் காற்றில் அனுப்பாது. இருவரிடமும் ஒரே ரகசியம் இருக்கிறது என்று, அந்த ரகசியத்தை வெளியே சொல்லாமலே, நாலு செய்திகளில் ஒருவருக்கொருவர் நிரூபித்துக்கொள்வார்கள். அந்த உரையாடலிலிருந்து புதிய பூட்டுச்சாவி ஒன்று பிறக்கும். அதற்குப் பிறகு போவதெல்லாம் பூட்டிய பெட்டி. பிறகு ரவுட்டர் போனுக்கு ஓர் ஐ.பி. முகவரி கொடுக்கும், அந்த வீட்டுக்குள் மட்டும் செல்லும் கதவு எண் மாதிரி. எல்லாம் இரண்டு மூன்று நொடியில் முடிந்துவிடும்.

பூட்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், காற்றில் போவது யாருடைய ஆன்டெனாவிலும் விழும். படகு வயர்லெஸில் ஒருவர் மீன் பட்ட இடத்தைச் சொன்னால் அந்தச் சேனலில் இருக்கும் அத்தனை பேரும் கேட்கிறார்களே. வைஃபையின் முதல் பூட்டான டபிள்யூ.ஈ.பி.யை 2001இலேயே உடைத்துவிட்டார்கள். இப்போது டபிள்யூ.பி.ஏ. 2, அதற்கு அடுத்து 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3. உங்கள் ரவுட்டரில் இந்த இரண்டில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைப்பது நம் ஊரில் வழக்கம். வாசல் பலகையில் எழுதியிருக்கும் நம்பரைப் பாஸ்வேர்டாக வைத்தால் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்ததற்குச் சமம். பாஸ்வேர்ட் இல்லாத இலவச வைஃபையில் வங்கி வேலை எதையும் செய்ய வேண்டாம் என்றும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் பீக்கன் அனுப்பலாம், அதைத் தடுக்க ஆளில்லை.

கடல் தாண்டி வரும் சிக்னல்

தனுஷ்கோடிக்குப் போனவர்களின் போனில் திடீரென்று இலங்கைக் கம்பெனியின் பெயர் வருவது இங்கே சகஜம். இதற்கு ஓர் அழகான கணக்கு இருக்கிறது. இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகின்றன, பூமியோ வளைந்திருக்கிறது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அது எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் எட்டிப் பார்க்கும் என்று தெரியும். 40 மீட்டர் டவருக்கு 26 கிலோமீட்டர். மணலில் நிற்கும் ஒருவர் 1.5 மீட்டர் உயரத்தில் போனைப் பிடித்திருந்தால் 5. இரண்டையும் கூட்டினால் 31. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே உள்ள கடல் ஏறக்குறைய அவ்வளவுதான், இடையில் சுவரோ மரமோ ஒன்றும் இல்லை. 323 மீட்டர் உயரமுள்ள ராமேஸ்வரம் தொலைக்காட்சிக் கோபுரத்துக்கு இதே கணக்கைப் போட்டால் 74 கிலோமீட்டர் வரும்.

உயரமும் தடையில்லாத பார்வையும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மண்டபம் பக்கத்து ஐஸ் கம்பெனி ஒன்று. கம்பெனியில் நெட் இருக்கிறது, 600 மீட்டர் தள்ளிக் கரையோரம் இருக்கும் எடைக்கொட்டகையில் இல்லை. எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் போனது என்று அங்கிருந்தே பில் போட வேண்டும். இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, ஒன்றையொன்று பார்த்தபடி 5.8 கிகாஹெர்ட்ஸ் தட்டு ஆன்டெனா இரண்டு வைத்தேன். இப்படி ஒரே திசையில் குவித்து அனுப்பினால் சின்ன சக்தியும் நெடுந்தூரம் போகும். நன்றாக ஓடியது. மழை பெய்த மறுநாள் காலை போன் வந்தது: "தம்பி, நெட்டு இல்ல, வண்டியெல்லாம் நிக்குது."

மழைதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். டிஷ் டி.வி. சிக்னல் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் என்பதால் மழையில் போய்விடும், உண்மைதான். ஆனால் 5.8இல் 600 மீட்டருக்கு மழைத்துளி ஒரு பொருட்டே இல்லை. தவிர மழை அப்போது நின்றுவிட்டது. கொட்டகைக் கம்பத்தில் ஏறி, அங்கிருந்து கம்பெனிக் கம்பத்தைப் பார்த்தேன், தெளிவாகத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். அப்புறம்தான் நடுவில் நின்ற பனையைக் கவனித்தேன். அதன் ஓலை நுனிகள் பார்வைக் கோட்டுக்கு ஒரு மீட்டர் கீழே, நனைந்து, சொட்டிக்கொண்டு நின்றன.

ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரிக் கோடாகப் போவதில்லை. இரண்டு முனையிலும் ஒடுங்கி நடுவில் பருத்த ஒரு வயிறு அதற்கு உண்டு. 600 மீட்டர் தூரத்துக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸில், நடுவில் அந்த வயிறு பார்வைக் கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 2.8 மீட்டர் விரிந்திருக்கும். காய்ந்த ஓலை அதற்குள் இருந்தபோது அலை எப்படியோ தாண்டிவிட்டது. ஓலை தண்ணீர் குடித்ததும் விழுங்கிவிட்டது.

"வெட்டிரலாமா?" என்று ஒருவர் கேட்டார். கம்பெனிப் பெரியவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "காய்க்கிற மரம்ப்பா." இரண்டு கம்பத்தையும் மூன்று மீட்டர் உயர்த்தினோம். கச்சான் காற்றுக்குத் தாங்க நாலு பக்கமும் இழுவைக் கம்பி கட்டினோம். உப்புக்காற்று இணைப்பு முனைகளை ஆறு மாதத்தில் பச்சை பூக்க வைத்துவிடும் என்பதால், முனைகளில் கிரீஸ் தடவி, அதன் மேல் ரப்பர் நாடாவை இறுக்கிச் சுற்றினேன். சாயங்காலம் அளந்தபோது மைனஸ் 58. அந்த வாரமே மறுபடி ராத்திரி முழுக்க மழை கொட்டியது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். பனை நனைந்து நின்றது. கொட்டகையில் பில் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.